மாமனார் நடுங்கினார்... எஞ்சின் கொதித்தது!

ஒரே காருக்குள் ஒருத்தர் குளிரில் நடுங்கிக்கொண்டிருக்க, அதே காரின் எஞ்சின் சூட்டில் கொதித்துக்கொண்டிருக்க முடியுமா? முடியும் சார். நடுங்கியது என் மாமனார். கொதித்தது என் கார். இரண்டுக்கும் நடுவில் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு வியர்த்தது அடியேன்.

2019-ம் வருடம், தை மாதம். ஊட்டியில் மச்சினியின் புது வீட்டுக் கிரகப்பிரவேசம். விடியற்காலை நாலரையிலிருந்து ஆறுக்குள் முகூர்த்தம். சீர்த்தட்டோடு மாமனார் வாசலில் நின்றால்தான் நிலைப்படி தாண்டுவேன் என்று மச்சினி சொல்லிவிட்டாள். மாமனாருக்கோ வீசிங். பஸ்ஸில் மலை ஏற்ற முடியாது. "கார் வச்சிருக்கிற மாப்பிள்ளை எதுக்கு இருக்கிறார்?" என்று வீட்டில் கேள்வி வந்தது. கேட்டது யார் என்று எழுதினால் எனக்கு ராத்திரி சாப்பாடு கிடைக்காது.

என் காரைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்று சிலிண்டர். வயசு அப்போதே ஓட்டுப் போடும் வயசைத் தாண்டியிருந்தது. எனக்கு முன்னால் மூன்று பேர் ஓட்டி, மூன்று பேரும் சந்தோஷமாக விற்ற வண்டி. கம்பெனி பெயர் வேண்டாம். நடந்த தப்பு அதன் மேல் இல்லை, என் மேல். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே.

அந்தக் காரில் ஹீட்டர் இருந்தது. ஈரோட்டில் காருக்கு ஹீட்டர் என்பது மீனுக்கு ரெயின்கோட் மாதிரி. நீலத்திலிருந்து சிவப்புக்கு நகர்த்துகிற அந்தப் பிடியை வாங்கின நாளிலிருந்து நான் தொட்டதே இல்லை. ஊட்டிப் பயணத்துக்கு முந்தின நாள் நகர்த்திப் பார்த்தேன். ஜம்மென்று வெந்நீர் அடுப்பு மாதிரி காற்று வந்தது. மாமனார் சௌகரியமாக வரலாம் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

எட்டாவது வளைவில் ஒரு புகார்

மத்தியானம் கிளம்பி அவிநாசி, அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் போய்ச் சேர்ந்தோம். அங்கே பொறுப்பாகப் பானெட்டைத் திறந்து தண்ணீர் பார்த்தேன். பார்த்தது எதை? ரேடியேட்டருக்குப் பக்கத்தில் இருக்கிற பிளாஸ்டிக் பாட்டிலை. இரண்டு கோட்டுக்கும் நடுவில் தண்ணீர் நின்றது. திருப்தியாக மூடினேன். இந்தப் பாட்டிலை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வில்லனாக வரப்போகிறது.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ரோட்டில் கல்லாறு தாண்டினதும் ஏற்றம் ஆரம்பம். மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவுகள். பர்லியாறில் குரங்குகளுக்குப் பயந்து முறுக்குப் பொட்டலத்தை ஒளித்துவைத்து, டீ குடித்து, கிளம்பும்போது இருட்டிவிட்டது. பனி இறங்க ஆரம்பித்தது. மாமனார் மப்ளரை எடுக்க, நான் ராஜா மாதிரி ஹீட்டரைப் போட்டேன். கதகதப்பாகக் காற்று வந்தது.

என் மாமனார் ரிட்டயர்டு போஸ்ட் மாஸ்டர். தும்மல் வந்தால்கூட நாலு தடவை யோசித்துவிட்டுத்தான் தும்முவார். மாப்பிள்ளையிடம் குறை சொல்வது அவர் சரித்திரத்தில் கிடையாது. அப்படிப்பட்டவர் பின்சீட்டிலிருந்து தொண்டையைச் செருமினார்.

"மாப்ள, இந்தக் காத்து முதல்ல சூடா வந்துச்சுங்க. இப்ப சில்லுன்னு வருதுங்களே?"

"மேல ஏறுறோமில்லீங்க மாமா, வெளியில குளிர் அதிகமாயிருச்சு. அதான்" என்றேன், ஏதோ வானிலை நிலைய டைரக்டர் மாதிரி.

"அப்படீங்களா" என்று சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"ஏங்க, கொஞ்சம் நிறுத்திப் பாருங்களேன். அப்பாவுக்கு இழுக்க ஆரம்பிச்சிரும்" என்றாள் மனைவி.

"ஹீட்டருக்காக மலையில வண்டிய நிறுத்தினா பின்னாடி வர்ற லாரிக்காரன் சிரிப்பான்" என்றேன். சிரிப்பான் என்று பயந்தேனே தவிர, ஏன் சில்லென்று வருகிறது என்று யோசிக்கவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் டாஷ்போர்டில் டெம்பரேச்சர் ஊசி சிவப்பை நோக்கிக் கிளம்பியது. நான் பார்த்துக்கொண்டே இருக்கும்போது, எதிர்பாராத ஆச்சரியம், சட்டென்று கீழே இறங்கியது! "அப்பாடா, தானா சரியாயிருச்சு" என்றேன். அடுத்த வளைவைத் தாண்டினதும் பானெட்டின் இடுக்கிலிருந்து பட்டு நெசவு மாதிரி வெள்ளையாக ஆவி.

நல்லவேளை, நாலு எட்டில் ஒரு டீக்கடை. வண்டியை ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்தினேன். துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனேன் பாருங்கள், டீக்கடைக்காரர் பாய்லரையே விட்டுவிட்டு ஓடி வந்தார்.

"கையை எடுங்க சார்! மூஞ்சி வெந்துரும்!"

எடுத்தேன். மூஞ்சி இன்றைக்கும் அதே மூஞ்சியாக இருக்கக் காரணம் அவர்தான். எஞ்சின் சூட்டில் ரேடியேட்டருக்குள் இருப்பது தண்ணீர் இல்லை, அடைத்து வைத்த வெடி. மூடியைத் தளர்த்தின நொடியில் ஆவியும் வெந்நீரும் ஆள் உயரத்துக்குப் பீய்ச்சி அடிக்கும். குறைந்தது அரை மணி நேரம் விட வேண்டும். மேல் ஓஸைத் துணியால் பிடித்து அமுக்கிப் பார்த்தால் கல்லு மாதிரி இல்லாமல் தொளதொளவென்று இருக்க வேண்டும். அப்புறம்தான் மூடி.

ரெண்டு கம்ப்ளைண்ட் இல்லீங்க, ஒண்ணு!

செல்போனில் சிக்னல் இல்லை. டீக்கடைக்காரரே யாரையோ மேலே போகச் சொல்லி ஆள் அனுப்பினார். முக்கால் மணி நேரம் கழித்து டி.வி.எஸ். ஃபிஃப்டியில் ஒரு மெக்கானிக் வந்தார். ஐம்பது வயசிருக்கும். மங்கி கேப், காதில் பென்சில், கேரியரில் ஒரு சாக்கு.

நான் ஆபீஸ் பாஷையில் புகார்ப் பட்டியல் கொடுத்தேன். "ரெண்டு கம்ப்ளைண்ட் அண்ணே. ஒண்ணு, எஞ்சின் ஹீட் ஆகுது. ரெண்டு, ஹீட்டர் வேலை செய்யலை. ரெண்டாவதை ஊட்டியில பாத்துக்கறேன். முதல் கம்ப்ளைண்டை மட்டும் பாருங்க."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ரெண்டு இல்லீங்க சார். ஒண்ணுதான். எஞ்சின் கொதிக்குது, ஹீட்டர் சில்லுன்னு வருதுன்னா உள்ள தண்ணி சுத்தலைன்னு அர்த்தம். அது சரி, ஹீட்டர் எப்ப செத்துச்சு? ஊசி ஏறுறதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

நான் முழித்தேன். ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டினவனுக்கு அதெல்லாம் எங்கே ஞாபகம் இருக்கும்? டீக்கடை அடுப்போரம் சால்வைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"எட்டாவது வளைவுல காத்து சில்லுன்னு ஆச்சுங்க. மாப்ளகிட்ட சொன்னேன். ஊசி ஏறினது பன்னெண்டாவது வளைவுலீங்க. நான் எண்ணிக்கிட்டே வந்தேன்."

முப்பத்தஞ்சு வருஷம் தபால் எண்ணின கை. வளைவை விடுமா? மெக்கானிக் அவருக்கு ஒரு கும்பிடு போட்டார். "பெரியவர்தான் சார் கரெக்டா மீட்டர் பாத்திருக்காரு. நாலு வளைவு முன்னாடியே சொல்லியிருக்காரு."

நான் குளிரில் சிவந்தேனா, வெட்கத்தில் சிவந்தேனா என்று அந்த இருட்டில் யாருக்கும் தெரியவில்லை.

பி.காம். மூளைக்கு எட்டின கணக்கு

எஞ்சின் ஆறும்வரை அவர் பாடம் நடத்தினார். அவர் சொன்னதை என் பி.காம். மூளையில் எப்படிப் பதிந்ததோ அப்படியே தருகிறேன்.

காருக்குள் வருகிற ஹீட்டர் சூட்டுக்குத் தனி அடுப்பு எதுவும் கிடையாது. எஞ்சினைச் சுற்றி ஓடிச் சூடேறிய தண்ணீர்தான் சூடு. அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு இரண்டு சின்ன ஓஸ் வழியாக டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டருக்கு வரும். ஒரு சின்ன ஃபேன் அதன் மேல் காற்றை ஊதும். அந்தக் காற்றுதான் மாமனாருக்கு வரும் கதகதப்பு. அதாவது எஞ்சினுக்கு வேண்டாத சூட்டைத்தான் நாம் உள்ளே வாங்கிக்கொள்கிறோம்.

காமர்ஸ் படித்தவர்களுக்கு இரட்டைப் பதிவுக் கணக்கு தெரியும். 1494-ல் வெனிஸ் நகரத்தில் லூக்கா பச்சோலி என்கிற துறவி அச்சுப் புத்தகமாகப் போட்ட சங்கதி. ஒரு பக்கம் பற்று என்றால் இன்னொரு பக்கம் வரவு இருந்தே ஆக வேண்டும். எஞ்சின் கணக்கிலிருந்து எடுத்த சூடு ஹீட்டர் கணக்கில் வரவு ஆக வேண்டும். எஞ்சினில் சூடு மலையாகக் குவிந்து கிடக்கிறது, ஹீட்டரில் பைசா வரவு இல்லை என்றால்? நடுவில் பணத்தைக் கொண்டுபோகிற ஆள் காணோம்! அந்த ஆள்தான் தண்ணீர்.

இதை வைத்து மெக்கானிக் டீக்கடை பெஞ்சில் சாக்பீஸால் நாலு கட்டம் போட்டார். கார் வைத்திருக்கிறவர்கள் கிழித்துப் பத்திரப்படுத்திக்கொள்ளலாம்.

கட்டம் ஒன்று: எஞ்சின் சூடு, ஹீட்டரும் சூடு. தண்ணீர் எஞ்சினைச் சுற்றுகிறது. வெளியே ஆற வேண்டிய இடத்தில் ஆறவில்லை. ரேடியேட்டர் அடைப்பு, ஃபேன் சுற்றாதது, தெர்மோஸ்டாட் மூடினபடியே மாட்டிக்கொண்டது என்று அந்தப் பக்கம் தேட வேண்டும்.

கட்டம் இரண்டு: எஞ்சின் சரி, ஹீட்டர் மட்டும் சில்லென்று வருகிறது. ஹீட்டரின் சொந்தப் பிரச்னை. வால்வு மூடியிருக்கலாம், கேபிள் கழன்றிருக்கலாம், குட்டி ரேடியேட்டர் அடைத்திருக்கலாம். நம்ம ஊரில் இன்னொன்றும் உண்டு. குட்டி ரேடியேட்டர் ஒழுகினால், "இங்க எதுக்கு சார் ஹீட்டர்?" என்று இரண்டு ஓஸையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டிருப்பார்கள். பழைய கார் வாங்கினவர்கள் மலை ஏறுகிற வரை இது தெரியாது.

கட்டம் மூன்று: எஞ்சின் ஊசி ஏறவே மாட்டேன் என்கிறது, ஹீட்டரும் வெதுவெதுப்புதான். தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டது. அல்லது யாரோ மகானுபாவர் "வெயிலுக்கு இது வேண்டாம்" என்று பிடுங்கி எறிந்துவிட்டார். எஞ்சின் எப்போதும் அரைச் சூட்டில் ஓடும், பெட்ரோல் குடிக்கும்.

கட்டம் நான்கு: எஞ்சின் கொதிக்கிறது, ஹீட்டர் சில்லென்று வருகிறது. நம்ம கேஸ். தண்ணீர் குறைந்திருக்கிறது, இல்லையென்றால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது, இல்லையென்றால் வாட்டர் பம்ப் தள்ளவில்லை. நாலிலும் இதுதான் ஆபத்தானது. ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது.

"அப்ப ஊசி கீழ இறங்குச்சே அண்ணே?" என்றேன்.

"அதான் சார் ஏமாத்து வேலை. சூடு பாக்கிற சென்சார் தண்ணியில முழுகி இருக்கணும். தண்ணி இறங்கிப்போச்சுன்னா அது அந்தரத்துல நிக்கும். சரியா சூட்டைச் சொல்லாது. நோயாளிக்கு காய்ச்சல் இறங்கலை, தெர்மாமீட்டரு வாயிலிருந்து விழுந்துருச்சு."

பாட்டில் சொன்ன பொய்

"ஆனா மேட்டுப்பாளையத்துல தண்ணி பாத்தேனே! பாட்டில்ல கரெக்டா இருந்துச்சு" என்று என் கடைசி அஸ்திரத்தை விட்டேன்.

அவர் டார்ச்சை அடித்துக் காட்டினார். இப்போதும் பாட்டிலில் தண்ணீர் அதே கோட்டில், சமர்த்தாக நின்றது!

விஷயம் இதுதான். எஞ்சின் சூடாகும்போது தண்ணீர் விரியும். அதிகப்படி பாட்டிலுக்குப் போகும். ஆறும்போது சுருங்கும். அப்போது பாட்டிலிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் ஓஸில் எங்காவது ஓட்டை இருந்தால்? ஆறும்போது பாட்டிலிலிருந்து தண்ணீரை உறிஞ்சுவதற்குப் பதிலாக, சுலபமாக அந்த ஓட்டை வழியாகக் காற்றை உறிஞ்சிக்கொள்ளும். பாட்டில் கணக்கு அப்படியே இருக்கும். ரேடியேட்டர் நாளுக்கு நாள் காலியாகும். பாஸ்புக்கில் பணம் இருக்கிறது, பாங்கில் இல்லை! என்னை மாதிரி பாஸ்புக்கை மட்டும் தடவிப் பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும்? காலையில் எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியையே திறந்து, தண்ணீர் கழுத்து வரை நிற்கிறதா என்று பார்ப்பதுதான் உண்மையான ஆடிட்டிங்.

தண்ணீர் குறைந்தால் முதலில் வறண்டு போவது எது? உயரத்தில் இருக்கிற குட்டி ரேடியேட்டர். தண்ணீர் கீழே தங்கும், காற்று மேலே போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் ஊசி சொல்வதற்கு முன்னாலேயே ஹீட்டர் சொல்லிவிட்டது. அதை மாமனார் வாய் வழியாகச் சொன்னது. கேட்கத்தான் ஆள் இல்லை.

குக்கர் பாடம்

"முந்தாநாள் ஈரோட்டில் நன்றாகத்தானே ஓடியது, மலையில் வந்து ஏன் மக்கர்?" என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது.

ஒன்று, மலையில் இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு ஏறும்போது எஞ்சின் உழைப்பு அதிகம், முன்னால் அடிக்கிற காற்று குறைவு. இரண்டாவது, உயரம். சமவெளியில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். மேலே போகப்போகக் கொதிநிலை இறங்கும். ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி. குன்னூர் கிட்டத்தட்ட 1,850 மீட்டர். அங்கே சுமார் 94 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும். ஊட்டி 2,240 மீட்டர். அங்கே 92, 93. எஞ்சின் நிம்மதியாக வேலை செய்கிற சூடே 85, 90 டிகிரி என்றால், எவ்வளவு குறுகலான வரப்பில் நடக்கிறோம் பாருங்கள்.

அப்படியானால் ஊட்டியில் எல்லாக் காரும் கொதிக்க வேண்டாமா? வேண்டியதில்லை. நம்மைக் காப்பாற்றுவது ரேடியேட்டர் மூடி. அது வெறும் மூடி இல்லை, குக்கர் வெயிட். உள்ளே அழுத்தத்தை அடைத்து வைத்து, கொதிநிலையை இருபது டிகிரிக்கு மேல் உயர்த்திவிடும். ஓஸில் ஓட்டை என்றால் அழுத்தம் நிற்காது. காஸ்கெட் போன குக்கரில் பருப்பு வேகுமா? ஓட்டை சின்னதுதான். ஆனால் அது தண்ணீரையும் திருடியது, அழுத்தத்தையும் திருடியது.

மெக்கானிக் பக்கத்து இருட்டைக் காட்டி, "இதே மலையில ரயிலே ஹில்குரோவ் ஸ்டேஷன்ல நின்னு தண்ணி குடிச்சிட்டுத்தான் சார் குன்னூர் ஏறும். 1899-லேருந்து அப்படித்தான். உங்க வண்டி என்ன அதை விடப் பெரிய பயில்வானா?" என்றார். பதில் சொல்லவில்லை.

தொட்டுப் பார்த்த வைத்தியம்

எஞ்சின் ஆறினதும் முதல் காரியமாக எஞ்சின் ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து டார்ச் அடித்தார். ஆயில் கறுப்பாக இருந்தது. "தப்பிச்சீங்க சார். பால் காப்பி மாதிரி இருந்தா தண்ணி ஆயில்ல கலந்துருச்சுன்னு அர்த்தம். ஹெட் கேஸ்கெட் காலி. இன்னும் ரெண்டு கிலோமீட்டர் ஓட்டியிருந்தா அலுமினிய ஹெட் சூட்டுல வளைஞ்சிருக்கும்." மச்சினிக்கு வைத்த சீர்ப்பணம் முழுவதும் எஞ்சினுக்குச் சீர் செய்யப் போயிருக்கும்!

பிறகு கேரியர் சாக்கிலிருந்து சாமான்களை எடுத்தார். கீழ் ஓஸ் ரேடியேட்டரில் நுழைகிற இடத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. ஓஸ் முனை வெடித்து, கிளிப் துருப்பிடித்து, மாசக்கணக்கில் சொட்டிக்கொண்டிருந்த இடம். வெடித்த முனையை ஒரு அங்குலம் வெட்டி எறிந்து, மீதியை இழுத்து மாட்டி, புதுக் கிளிப் போட்டு இறுக்கினார்.

"இவ்ளோ உப்பு எப்படி வந்துச்சு? என்ன தண்ணி ஊத்துவீங்க?"

"போர் தண்ணிதான்" என்றேன் மெல்லிய குரலில். கூலன்ட் வாங்குகிற காசை மிச்சம் பிடித்ததைப் போன பொங்கலுக்கு மாமனாரிடமே பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். மாமனார் அடுப்பைப் பார்த்துக்கொண்டார். பெரிய மனுஷர்.

வெந்நீர் போடுகிற அண்டாவில் வெள்ளையாகப் படியுமே, அதுவேதான் ரேடியேட்டருக்குள்ளும் படியும். வெறும் தண்ணீர் வாட்டர் பம்ப்பைத் துருப்பிடிக்க வைக்கும். கூலன்டில் துருவைத் தடுக்கிற மருந்து இருக்கிறது. கொதிநிலையைக் கூட்டுகிறது. உறைநிலையைக் குறைக்கிறது. கடைசியில் சொன்னது ஈரோட்டில் சிரிப்பாக இருக்கும். தை மாதத்து ஊட்டியில் புல் மேல் பனி உறைகிற ராத்திரிகள் உண்டு. தண்ணீர் உறைந்தால் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக விரியும். கண்ணாடி பாட்டில் ஃப்ரீசரில் வெடிக்கிறதே, அந்தக் கதை எஞ்சினுக்கு வரலாம்.

சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடும் என்பதால், டீக்கடையில் வெதுவெதுப்பான தண்ணீர் வாங்கி, கூலன்டோடு சரிபாதி கலந்தார். வண்டியின் மூக்கு மேட்டைப் பார்க்கும்படி நிறுத்தச் சொன்னார். குன்னூர் ரோட்டில் மேட்டுக்கா பஞ்சம்! ஹீட்டரைச் சிவப்பில் வைத்து, மூடியைத் திறந்தபடி எஞ்சினை ஓடவிட்டார். களக்... களக்... என்று உள்ளிருந்த காற்று குமிழியாக வர வர, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். மேல் ஓஸை அமுக்கி அமுக்கி விட்டார். நாலு லிட்டர்கூடப் பிடிக்காத வயிற்றில் இரண்டு லிட்டருக்கு மேல் போனது.

"குமிழி கொஞ்ச நேரத்துல நின்னுரணும் சார். நிக்காம வந்துக்கிட்டே இருந்தா, வெள்ளைப் புகையும் விட்டா, அது கேஸ்கெட் கேஸு."

குமிழி நின்றது. டாஷ்போர்டுக்குப் பின்னால் போகிற இரண்டு ஓஸையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். ஃபேன் எஞ்சினை நிறுத்தினாலும் தானாகச் சுற்றும், அதனால் கையை அந்தப் பக்கம் விடாதீர்கள் என்ற எச்சரிக்கையோடு. இரண்டும் சூடு. "ரெண்டும் சில்லுன்னா தண்ணி வரலை. ஒண்ணு சூடு ஒண்ணு சில்லுன்னா நடுவுல அடைப்பு. ரெண்டும் சூடு, ஆனா காத்து சில்லுன்னா உள்ள காத்து திருப்புற தட்டு மாட்டியிருக்கு. அவ்வளவுதான் சார் பாடம்."

பிறகு என்னை விட்டுவிட்டு மாமனாரிடம் போனார். "பெரியவரே, உள்ள உக்காந்து காத்து எப்படி வருதுன்னு சொல்லுங்க."

மாமனார் ஏறி உட்கார்ந்து, கையை நீட்டி, தபால் முத்திரை சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி நிதானமாகப் பார்த்து, "கதகதன்னு வருதுங்க" என்றார். அதன் பிறகுதான் மெக்கானிக் பானெட்டை மூடினார்.

கூலன்டு, கிளிப், கூலி எல்லாம் சேர்த்து 650 ரூபாய். ஏழு நூறாகக் கொடுத்தேன். ஐம்பதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "ஊட்டியில காலையில வண்டி எடுக்கும்போது மூடியைத் திறந்து பாத்து ஊத்திக்கங்க. ஊருக்குப் போனதும் ஓஸு எல்லாத்தையும் மாத்திருங்க" என்று டி.வி.எஸ்.ஸை உதைத்தார்.

ராத்திரி பதினொன்றரைக்கு ஊட்டி. விடிகாலை நாலரைக்கு, வெள்ளை வேட்டி, சால்வை, மப்ளர் சகிதம் மாமனார் சீர்த்தட்டோடு வாசலில் நின்றார். வீசிங் வரவில்லை. வந்திருந்தால் என் வீட்டில் எனக்கு வந்திருக்கும்.

மே மாதத்திலும் ஹீட்டர்

"நாங்க ஊட்டி பக்கமே போகறதில்லை, எங்களுக்கு எதுக்கு இது?" என்று கேட்கிற சென்னை, மதுரை வாசகர்களுக்கு ஒரு சேதி. டிராஃபிக்கில் ஊசி சிவப்பை நோக்கிப் போகிறதா? முதலில் ஏ.சி.யை நிறுத்துங்கள். ஓரம் கட்ட இடம் கிடைக்கும்வரை கண்ணாடியை இறக்கிவிட்டு, ஹீட்டரை முழுச் சிவப்பில் வைத்து, ஃபேனை முழு வேகத்தில் போடுங்கள். அது ஒரு இரண்டாவது ரேடியேட்டர். எஞ்சின் சூட்டில் ஒரு பங்கை உள்ளே இழுத்துக்கொள்ளும். பக்கத்து வண்டிக்காரர் உங்களைப் பைத்தியம் என்று நினைப்பார். நினைக்கட்டும்.

அப்போது சூடாகக் காற்று வந்தால், தண்ணீர் இருக்கிறது, சுற்றுகிறது. சில்லென்று வந்தால் நிம்மதிப் பெருமூச்சு விடாதீர்கள். உடனே நிறுத்துங்கள். அது நாலாவது கட்டம்.

ஊருக்கு வந்ததும் ஓஸ், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் மூடி எல்லாம் மாற்றினேன். ரேடியேட்டரைக் கழுவினபோது சுக்குக் காப்பி நிறத்தில் வந்தது. நான் மிச்சம் பிடித்த கூலன்ட் காசு அத்தனையும் அதில்தான் கரைந்திருந்தது.

இன்னொன்றும் மாற்றினேன். பின்சீட்டுக்காரர்களுக்கு மரியாதை. ஓட்டுகிறவன் கண் ரோட்டிலும் ஊசியிலும் இருக்கும். காற்று எப்படி வருகிறது, என்ன வாசனை, எங்கே சத்தம் என்பதெல்லாம் சும்மா உட்கார்ந்து வருகிறவர்களுக்குத்தான் முதலில் தெரியும். அவர்கள் வாய் திறந்தால் அது குறை இல்லை, மீட்டர்.

அதனால் இப்போதெல்லாம் எங்கே கிளம்பினாலும் கொஞ்ச தூரம் போனதும், "மாமா, காத்து எப்படி வருதுங்க?" என்று கேட்டுவிடுவேன். அவரும் கையை நீட்டிப் பார்த்துப் பொறுப்பாக ரிப்போர்ட் கொடுப்பார்.

அடுத்த மே மாதம், ஈரோட்டு அக்னி நட்சத்திர வெயிலில் பவானி போகும்போது வழக்கம்போலக் கேட்டேன்.

"நல்லா கதகதன்னு வருதுங்க மாப்ள" என்றார் திருப்தியாக, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே.

ஏ.சி. போயிருந்தது.